மாதேஸ்வரி அக்கா எழுதி வைத்த அலமாரிகள்

செல்வியின் அழைப்பு வந்தபோது நான் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். வகுப்பு நேரத்தில் போனை எடுப்பதில்லை. மூன்றாவது முறையும் அது மேசைமேல் அதிர்ந்ததும் வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"மிஸ், நம்ம ஹார்டுவேர் கடை மாதேஸ்வரி அக்கா போயிட்டாங்க மிஸ். காலையில அஞ்சு மணிக்கு. இன்னிக்கே எடுக்கறாங்களாம்" என்றாள். எப்படி, என்ன ஆனது என்று நான் கேட்பதற்குள், "கேன்சருங்களாம் மிஸ். ஒன்றரை வருசமா இருந்திருக்குது. நம்ம யாருகிட்டயும் சொல்லவே இல்ல பாருங்க" என்று சொல்லி அழத் தொடங்கிவிட்டாள்.

தருமபுரியில் பேருந்து கிடைத்து, பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்கி, அவர் வீடு இருக்கும் தெருவுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். இரண்டு பெண்கள் வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் தெருவிலேயே நின்றுவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பினேன்.

பாப்பிரெட்டிப்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடியில், பெண்களுக்காக நான் நடத்திய மதியக் கம்ப்யூட்டர் வகுப்பு உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வகுப்பில் அக்காவோடு படித்த, செல்வி முதலான பதினொரு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் பட்டப்படிப்பு முடித்து, ஓசூரிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போவதற்காகப் படித்தவர்கள். மாதேஸ்வரி அக்காவுக்கு அப்போது நாற்பத்தேழு வயது. பத்தாவது வரை படித்தவர். முதல் வரிசையில், ஃபேனுக்கு நேர் கீழே உட்காருவார். நீள நோட்டு ஒன்று வைத்திருப்பார். வலது கை ஆள்காட்டி விரலால் மட்டும் தட்டச்சு செய்வார்.

அந்த வகுப்புக்கு நோட்டீஸ் எழுதியவள் நான். "மூன்றே மாதத்தில் பைத்தான். உங்கள் கடை ஸ்டாக்கை நீங்களே புரோகிராமாக எழுதலாம்" என்று ஒரு வரி போட்டிருந்தேன். ஆள் சேர்ப்பதற்காகப் போட்ட வரி அது. அதை நம்பி வந்தவர் அவர் ஒருவர்தான்.

லிஸ்டுக்குள் லிஸ்ட் வைப்பது பற்றி நடத்திய அன்று, புத்தகத்தில் இருந்தபடியே ஒரு கடையைப் பலகையில் எழுதினேன். பேனா பத்து, பென்சில் இருபது, நோட்டு ஐந்து. ஒவ்வொரு பொருளும் அதன் எண்ணிக்கையும் ஒரு சின்ன லிஸ்ட். அந்தச் சின்ன லிஸ்டுகள் எல்லாம் சேர்ந்து கடை என்ற பெரிய லிஸ்ட். எல்லோரும் எழுதிக்கொண்டீர்கள். அவர் எழுதவில்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், இந்தக் கடையில அலமாரி எங்கீங்க?" என்றார்.

"இது சும்மா ஒரு உதாரணம் அக்கா. பேரும் எண்ணிக்கையும் இருந்தா போதும்."

"எடம் வேணுமுங்களே. அலமாரி இருக்கோணும், அதுக்குள்ள வரிசை, வரிசைக்குள்ள பொட்டி. அதுக்குள்ளதான பேரு வரும்?"

முதலில் புத்தகத்தில் இருப்பதைச் செய்யுங்கள், அதெல்லாம் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன தொனியும் அவ்வளவு நன்றாக இருந்திருக்காது. அவர் தலையாட்டிவிட்டுப் பேனா, பென்சில், நோட்டு என்று எழுதினார். மறுநாள் வகுப்புக்கு வந்தபோது, நீள நோட்டில் நான்கு பக்கங்களுக்குக் கட்டம் போட்டு, நான்கு அலமாரி, அலமாரிக்கு ஆறு வரிசை, வரிசைக்கு எட்டுப் பெட்டி என்று வரைந்து கொண்டு வந்திருந்தார். பாதிக்கு மேல் கட்டங்கள் காலியாக இருந்தன. என்ன காலி என்று கேட்டேன்.

"அதெல்லாம் இனிமேத்தான் அவருகிட்ட கேக்கோணும்" என்றார்.

அவர் கணவர் முனிரத்தினத்துக்கு அதற்கு ஐந்து மாதம் முன்பு பக்கவாதம் வந்திருந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் கடையை அவர் ஒருவரே நடத்தி வந்தார். எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்பது அவர் தலையில் மட்டும்தான் இருந்தது. கடையை யாருக்காவது விட்டுவிடச் சொல்லி உறவினர்கள் எல்லோரும் வற்புறுத்தினார்கள். அக்கா கேட்கவில்லை. ஏன் என்று ஒருநாள் நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு மறக்காது. "வூட்ல இருந்தா அவரு நோயாளி மிஸ். கடையில இருந்தா மொதலாளி. அவரு எதுவா இருக்கோணும்னு நாந்தான முடிவு பண்ணோணும்?"

ஒரு சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போயிருந்தேன். ஒடுக்கமான, நீளமான கடை. பைப்பு, வால்வு, ஆணி, போல்ட் என்று கூரைவரை அடுக்கியிருந்தார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில், கைவைத்த நாற்காலியில் முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். தோட்டத்து வேலையிலிருந்து நேராக வந்த ஒருவர், கிணற்று மோட்டாருக்கு ஒன்றரை இஞ்ச் ஃபுட் வால்வு கேட்டார். முனிரத்தினம் வாயைத் திறந்தார். ஏதோ ஒரு சத்தம் வந்தது, சொல் வரவில்லை. முகம் சிவந்துவிட்டது. பிறகு இடது கையைத் தூக்கினார். மூன்று விரல். மடக்கி, ஒரு விரல். மடக்கி, ஐந்து விரல். அக்கா மூன்றாவது அலமாரிக்குப் போய், முதல் வரிசையில், ஐந்தாவது பெட்டியை இழுத்தார். ஃபுட் வால்வு இருந்தது.

"பேரெல்லாம் போயிருச்சு மிஸ். எடம் போவல. இன்னொரு தாட்டி வந்தா எடமும் போயிருமுன்னு டாக்டர் சொல்றாரு. அதுக்குள்ள அவரு தலையில இருக்கறத எறக்கி வெச்சுக்கோணும்" என்றார். வந்தவர் காது கேட்கத்தான் சொன்னார். முனிரத்தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்த வீட்டில் எதையும் மறைத்துப் பேசும் பழக்கம் இல்லை என்று அன்று நினைத்துக்கொண்டேன். அது எவ்வளவு தவறு என்று இப்போது தெரிகிறது.

அதன்பிறகு புத்தகத்துக் கடையை நான் விட்டுவிட்டேன். மூன்று அடுக்கு லிஸ்டை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும் என்றதும் சிரித்தார். "பூஜ்யமாவது அலமாரின்னு சொன்னா, மூளை எனக்குத்தான் கெட்டுப் போச்சுன்னு நெனைப்பாரு எங்க வூட்டுக்காரரு" என்றார். கணவர் அழுத்தும் எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்ளும்படி தானே ஒரு வரி சேர்த்துக்கொண்டார். சாமான் பெயர்களைத் தமிழிலேயே அடிக்கலாம் என்று தெரிந்ததும் அவருக்குப் பெரிய நிம்மதி. மகன் பழைய லேப்டாப் ஒன்றைக் கொடுத்திருந்தான். முனிரத்தினம் இடது கையால் மூன்று எண்களை அழுத்துவார். பெட்டியில் இருக்கும் பொருளின் பெயரும் எண்ணிக்கையும் திரையில் வரும். தன் வாயில் வராத பெயரைத் திரையில் பார்த்ததும் அவர் அழுதாராம். அக்கா இதைச் சொன்னபோது நீங்கள் சிலர் பக்கத்தில் இருந்தீர்கள்.

என்னால் அவருக்கு நேர்ந்த ஒரு கஷ்டத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் முதலில் பூஜ்யம் போட்டு வைக்க, ஒரு வரிசையை எழுதி ஆறால் பெருக்கிவிடுங்கள் என்று சுலபமான வழி ஒன்றை நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அப்படியே செய்தார். மறுவாரம் மழையில் நனைந்துகொண்டு வந்தார்.

"மிஸ், ஒரு வரிசையில ரெண்டு பைப்பு எல்போ வித்தா ஆறு வரிசையிலயும் ரெண்டு கொறையுதுங்க. ஒரு பொட்டியில கைய வெச்சா எல்லாப் பொட்டியும் எறங்குது."

எனக்குக் காரணம் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. எங்கேயோ தட்டச்சுப் பிழை இருக்கும், முழுவதையும் மறுபடி அடியுங்கள் என்றேன். ஒற்றை விரலால் இரண்டு நாள் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து மறுபடி அடித்தார். அதே தவறு வந்தது. மூன்றாம் நாள் அவரே சொன்னார். "இது ஆறு வரிசை இல்லீங்க மிஸ். ஒரே வரிசைக்கு ஆறு தாட்டி பேரு வெச்சிருக்கோம். அதான் எங்க தொட்டாலும் அதையே தொடுது." அவர் சொன்னது சரி. வீட்டுக்குப் போய்ப் படித்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். மறுநாள் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "தெரியலைன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு நாள் மிச்சமாயிருக்குமுங்களே" என்று மட்டும் சொன்னார். அந்த இரண்டு நாளை இப்போது அடிக்கடி நினைக்கிறேன்.

இன்னொரு முறை, ஒரு பெட்டிச் சாமான் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. தீர்ந்த பொருளை லிஸ்டிலிருந்து நீக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன், அவர் நீக்கினார். அன்று சாயங்காலம் முனிரத்தினம் எண்ணை அழுத்தினால் வேறு பெயர் வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி வேறு பெயர். மேசையை ஓங்கி அறைந்துவிட்டு, தன் தலையைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தாராம். இடமும் மறந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அக்கா என்னைப் போனில் அழைத்தார். லிஸ்டில் ஒன்றை நீக்கினால் அதற்குப் பின்னால் உள்ளவை எல்லாம் ஒவ்வொரு இடம் முன்னால் நகர்ந்துவிடும் என்று விளக்கினேன்.

"கடையில அப்படி நவுராதுங்க மிஸ். பொட்டி காலியானா காலியாத்தான் நிக்கும். நான் போயி அவருகிட்ட சொல்றேன், தப்பு அவரு மேல இல்லைன்னு."

பெயர் இருந்த இடத்தில் வெறும் மேற்கோள் குறிகளைப் போட்டுவிட்டு, அந்த இடத்தை அப்படியே விட்டு வைத்தார். அன்றிலிருந்து அவர் எதையும் நீக்கியதில்லை.

மூன்று மாத வகுப்பு முடிந்தும் அவர் வெள்ளிக்கிழமைகளில் சந்தேகம் கேட்க வருவார். பிறகு வருவது குறைந்தது. எப்போது கேட்டாலும், தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது, அவருக்கு பிசியோதெரபி என்பார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இப்படி விட்டுவிடலாமா என்று ஒருமுறை கடிந்துகொண்டு மெசேஜ்கூட அனுப்பினேன். "வந்துர்றேன் மிஸ்" என்று பதில் போட்டார். பிறகு எனக்குக் கல்லூரியில் வேலை கிடைத்து, அதியமான்கோட்டைக்குக் குடி வந்துவிட்டேன். வகுப்பு நடந்த மாடியையும் காலி செய்துவிட்டார்கள்.

அவர் இறந்த ஒன்பதாம் நாள் அவருடைய மகன் தினேஷ் என்னை அழைத்தான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். "மிஸ், அம்மா லேப்டாப்புல என்னென்னவோ எழுதி வெச்சிருக்குது. எனக்குப் புரியல. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போறீங்களா?" என்றான். போனேன்.

கடை லிஸ்ட் நான் கடைசியாகப் பார்த்ததைவிட மூன்று மடங்கு வளர்ந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் நான் பார்க்காத இன்னொன்று இருந்தது. அதற்கு 'வூடு' என்று பெயர் வைத்திருந்தார். ஓடவிட்டேன். வரிசையாக வந்தது. முதலாவது, சமையல்கட்டு. மேல் தட்டு: காப்பித்தூள், சர்க்கரை, சர்க்கரை டப்பா மூடி இறுக்கம், ஸ்பூனால் நெம்பவும். இரண்டாவது, பீரோ. முதல் தட்டு: அவர் வேட்டி, அவர் துண்டு, பனியன் வலது கை பெரிதாக வெட்டியது. மூன்றாவது, சாமி அலமாரி. கீழ்த் தட்டு: ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரி நோட்டு, அவர் பிரஷர் மாத்திரை இரண்டு மாதத்துக்கு.

தினேஷ் திரையைப் பார்த்தபடி, "மாத்திரை எங்க இருக்குதுன்னு தெரியாம வூடு பூரா தேடுனோம் மிஸ். ரெண்டு நாளு அப்பா மாத்திரை இல்லாம இருந்தாரு. அப்புறம் மெடிக்கல்ல புதுசா வாங்கிட்டு வந்தேன்" என்றான்.

மறுபடி முதலிலிருந்து ஒவ்வொரு தட்டாக வாசித்தேன். பீரோவின் நான்காவது தட்டுக்கு வந்தபோது நிறுத்திவிட்டேன். தினேஷ் குனிந்து தானே படித்தான். அதில் முதல் இரண்டும் போர்வைகள். மூன்றாவது: பச்சைப் புடவை, கடைசியில் எனக்குக் கட்ட.

பிறகு, "கைக்குக் கெடச்ச புடவைய கட்டி அனுப்பிட்டோம் மிஸ்" என்றான். "அன்னிக்கு அப்பா கைய கைய தூக்கிக் காட்டுனாரு. ரெண்டு, நாலு, மூணுன்னு. கடையில ரெண்டு பேரும் வெரல்ல பேசிக்குவாங்கன்னு எனக்குத் தெரியும். வூட்டுக்கும் நம்பர் போட்டு வெச்சிருக்குதுன்னு தெரியலீங்களே. தண்ணி கேக்கறாருன்னு குடுத்தோம். தட்டி வுட்டாரு. அழுது அழுது ஒடம்புக்கு ஏதாவது ஆயிருமுன்னு உள்ள கூட்டிட்டுப் போயி படுக்க வெச்சுட்டோம்."

முனிரத்தினம் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார். மகன் பேசியதெல்லாம் அவருக்குக் கேட்டது. இடது கை மடிமேல் கிடந்தது. அதை அவர் தூக்கவில்லை.

அதன்பிறகு நடந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். கடைச் சாமான்கள் எல்லாவற்றையும் அரூரில் ஒரு கடைக்காரர் எடுத்துக்கொண்டார். முனிரத்தினத்தை மகன் ஓசூருக்கு அழைத்துப் போய்விட்டான். அவரை அவனும் மருமகளும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இப்போது புதிதாக ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. ஒரு மாதமாகக் கையைத் தூக்கிக் காட்டுவதே இல்லை என்று தினேஷ் சொன்னான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை அழைத்துக்கொண்டு ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து காட்டுகிறானாம். அவர் பார்க்கிறார், அவ்வளவுதான்.

நோய் எப்போது தெரிந்தது என்று அவனிடம் கேட்டேன். சொன்னான். அந்த மாதத்தைக் கேட்டதும் எனக்கு ஒரு மத்தியானம் நினைவுக்கு வந்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது வகுப்பு முடிந்து நான்கைந்து மாதம் இருக்கும். தருமபுரி பேருந்து நிலையத்தில், பாப்பிரெட்டிப்பட்டி பேருந்தில் ஏறினேன். ஜன்னலோரம் அக்கா உட்கார்ந்திருந்தார். மடியில் பெரிய பழுப்பு உறை ஒன்று. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணன் வரலீங்களா அக்கா?"

"அவரு கடையில இருக்காருங்க."

பிசியோதெரபிக்கு வந்தவர் ஏன் தனியாக வந்தார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் உடனே பேச்சை மாற்றினார். "உங்களைப் பாத்தது நல்லதாப் போச்சு மிஸ். ஒரு சந்தேகம். இப்ப நம்பர் அழுத்துனாத்தான பேரு வருது? யாரும் அழுத்தாமலே மொத அலமாரியிலிருந்து கடசிப் பொட்டி வரைக்கும் தானா வரோணும். விசயம் தெரியாதவங்க யாராவது தொறந்தாக்கூட அவங்களே படிச்சுக்கற மாதிரி."

எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. நடத்துவதில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் அது. அலமாரிக்கு ஒரு சுற்று, அதற்குள் வரிசைக்கு ஒரு சுற்று, அதற்குள் பெட்டிக்கு ஒரு சுற்று என்று விளக்கினேன். எழுதிக் காட்டக் காகிதம் கேட்டேன். நீள நோட்டை அவர் கொண்டுவரவில்லை. மடியில் இருந்த உறையைத் திருப்பி, பின்பக்கத்தை என்னிடம் நீட்டினார். பேனாவை எடுத்து மூன்று வரிகளை ஒன்றுக்குள் ஒன்றாக எழுதினேன். கடத்தூர் தாண்டும்வரை பேசிக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு தடவை இருமினார். ஒரு தடவை கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். "புரியுதுங்களா அக்கா?" என்று கேட்டேன். "புரியுதுங்க மிஸ், சொல்லுங்க" என்றார்.

அவருடைய வீட்டு லிஸ்டின் கடைசியில் அந்த மூன்று வரிகள்தான் இருக்கின்றன. ஒரு எழுத்துகூட மாறாமல் அப்படியே அடித்திருக்கிறார்.

என்னிடம் அவருடையதாக இருப்பது இரண்டு. ஒன்று, அந்த லிஸ்டின் பிரதி. தினேஷிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதை வகுப்பில் யாருக்கும் உதாரணமாகக் காட்ட மாட்டேன். இன்னொன்று அந்தப் பேருந்துப் பயணம். பாப்பிரெட்டிப்பட்டியில் இறங்கும்போது உறையை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். பின்பக்கம் முழுக்க என் கையெழுத்து. முன்பக்கம் என்ன எழுதியிருந்தது என்று நான் பார்க்கவில்லை.